சலங்கை எந்தப் பக்கம்

என் சகலையிடம் நேரில் நான் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை. என்னைவிட ஆறு வயது சின்னவன். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான், அதனால் இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை போதவில்லை என்று நினைப்பவர்கள், அவன் எனக்குச் செய்ததைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வரட்டும்.

ஆடிப்பூரத் தேரன்று நடந்தது அது. நாங்கள் ராஜபாளையம். தேர் பார்த்துவிட்டு அவன் வீட்டில் சாப்பிட்டு வருவது எங்கள் குடும்பத்தில் வழக்கம். மாமியார் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். இலை எடுத்த கையோடு எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தான். புதிதாக ஹோம் தியேட்டர் போட்டிருந்தான். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், டி.வி.க்குக் கீழே ஒன்று, பின்சுவரில் இரண்டு, மூலையில் சப்வூஃபர். அதை ஊருக்குக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது.

மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தத்தை ஓட விட்டான். அந்த மழைக்குப் பின்னால் ஒரு சலங்கை நடந்து போகுமாம். எந்தப் பக்கம் கேட்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். வலது என்றார்கள், இடது என்றார்கள், பின்னால் என்றார்கள், குழந்தைகள் கைதட்டின. என் முறை வந்தது. அவன் மீசை அசைந்தது தெரிந்தது, பேச்சு விளங்கவில்லை. கோர்ட்டில் கிசுகிசுத்துப் பழகிய வாய், அவன் பேசுவது எனக்கு என்றைக்குமே சரியாக எட்டாது. சலங்கை எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்கிறார் என்று என் மனைவி எடுத்துச் சொன்னாள்.

எனக்குச் சலங்கையே கேட்கவில்லை. மழை மட்டும், மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் மெஷின் ஓடுகிற மாதிரி, கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் பத்துப் பேருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இடது பக்கம் கையைக் காட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சலங்கை நின்று வெகுநேரம் ஆகிவிட்டதாம். அப்போது ஓடிக்கொண்டிருந்தது வெறும் மழைதானாம். இந்த முறை அவன் எனக்குக் கேட்கிற மாதிரியே சத்தமாகச் சொன்னான்.

"அண்ணாச்சிக்கு மில்லுக் காதுல்லா. வேட்டுப் போட்டாத்தான் கேக்கும்."

மறுபடியும் சிரிப்பு. பத்துப் பேர் சிரித்ததை நான் மன்னித்திருப்பேன். பதினோராவதாக என் மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை.

இது மற்றவர்களுக்குச் சாதாரணக் கேலி. எனக்கு அப்படி இல்லை, ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் நூல் மில்லில் ஃபிட்டர். மெஷின் ஓடும்போதே எந்த பேரிங் சாகக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்தில் எலும்போடு அழுத்திக் கேட்பேன். 'இது இன்னும் நாலு நாள்தான்' என்பேன். நாலாவது நாள் அது போகும். என் காதை நம்பித்தான் சூப்பர்வைசர் மெஷினை நிறுத்துவார். இருபத்தாறு வருஷமாக என் வீட்டில் உலை கொதித்தது இந்தக் காதால். அந்தக் காதைத்தான் அவன், பாயசம் குடித்த வாயோடு, பத்துப் பேர் நடுவில் வைத்து இழுத்தான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி, தேர்க்கடையில் வாங்கிய வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஒன்று எங்களை முந்தியதும் டிரைவருக்கு வீம்பு வந்து ஹாரனை விடாமல் அழுத்தினார். அதைக்கூட என்னைக் குத்திக்காட்டுவதாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது முடிவு செய்துவிட்டேன். அவன் என் வீட்டு ஹாலில் உட்கார வேண்டும். என் மனைவி பக்கத்தில் நிற்க வேண்டும். 'என் செட்டை விட உங்க செட்டு நல்லா இருக்கு' என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அது வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.

வெறும் வீம்பில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் நான் இல்லை. பழி வாங்குவதென்றாலும் அளந்து செய்ய வேண்டும். முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் எதைக் கேட்டாலும் வாட்ஸ் கணக்கையே சொன்னான். பெட்டி மேல் போட்டிருக்கிற வாட்ஸை நம்புவது, பெண் வீட்டார் சொல்லும் வயதை நம்புகிற மாதிரி என்று எனக்கே தெரியும். அவனிடம் ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம், ஷிஃப்ட் முடிந்து வந்தால் செல்ஃபோனும் கையுமாகவே இருந்தேன். ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது பற்றி வீடியோக்கள், அடியில் எழுத்தும் ஓடும். கற்றுக்கொண்டது நிறைய. பாட்டுக் கேட்பதற்கு முன்னால் வைக்கிற இரண்டு ஸ்பீக்கர்தான் உயிர். ஐந்து மட்டமான ஸ்பீக்கரை விட நல்ல இரண்டு மேல். படத்தில் வசனம் புரிய வேண்டுமானால் நடு ஸ்பீக்கர் முன் இரண்டோடும் ஒரே இனமாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஸ்பீக்கரின் தலை வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கும் நடுவில் தூரம் ஒரே அளவாக, முக்கோணம் மாதிரி அமைய வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் அடிச் சத்தம் குழம்பும். எல்லாவற்றையும் விட முக்கியம், அறை. எங்கள் ஹால் பதினாறுக்குப் பதினொன்று அடி, தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். இப்படிப்பட்ட அறையில் கூர்மையான சத்தம் மோதி மோதித் திரும்பும், ஆகவே மென்மையான ஸ்பீக்கராகப் பார்த்து எடுங்கள் என்று எல்லா வீடியோவும் ஒரே மாதிரி சொன்னது. அந்த வரியை மட்டும் நான் தாண்டித் தாண்டிப் போனேன்.

கடைசியில் சகலை வாங்கிய கடைக்கே போனேன். அவன் வாங்கிய இடத்திலேயே அவனை விட உசத்தியாக வாங்கினால்தான் செய்தி அவன் காதுக்குப் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் நடத்துகிற கடை. மீசையை மழித்து, தாடி மட்டும் வைத்தவர். அவர் பேசியதில் ஒரு சொல்லும் தவறாமல் எனக்கு விளங்கியது. வாடிக்கையாளரிடம் எப்படித் தெளிவாகப் பேச வேண்டும் என்று இவரிடம் படிக்கணும் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவியும் கூட வந்திருந்தாள். அவளைக் கூட்டிப் போனதற்குக் காரணம், தங்கையிடம் போய்ச் சொல்லட்டும் என்பதுதான்.

மூன்று ஜோடி டவர் ஸ்பீக்கர், நின்றால் இடுப்பளவு உயரம். முதல் ஜோடியில், மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர் என்பார்கள், பட்டுத் துணியில் செய்தது. அந்த மழைச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எல்லோரும் கடையில் போட்டுக் காட்டுவது அதுதானாம். மழை பெய்தது. சலங்கை இல்லை. இரண்டாவது ஜோடி. மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்தது. சலங்கை இல்லை.

நான் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஃபிட்டர் பையில் அது இல்லாத நாள் கிடையாது. முனையை ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து, பிடியைக் காதடியில் அழுத்தினேன். பாய் பதறி எழுந்துவிட்டார். கீறல் விழாது, நான் மில்லில் தினமும் செய்கிற வேலை என்று சமாதானம் சொன்னேன். பெட்டி கட்டுமானம் நல்ல கட்டுமானம், அதிர்வு அடக்கமாக இருந்தது. பேரிங்காக இருந்தால் பத்து வருஷம் ஓடும். ஆனால் சலங்கை அதிலும் வரவில்லை.

மூன்றாவது ஜோடியில் ட்வீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஹாரன் வாய் இருந்தது, கோயில் கொடை விழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரின் குட்டி மாதிரி. ட்ரெபிளைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். இன்னும் என்றேன். கடைசி வரை திருகச் சொன்னேன். அப்போது வந்தது. மழைக்கு அந்தப் பக்கம், மெல்லிசாக, ஒன்றிரண்டு மணி குலுங்கி வலது பக்கம் நகர்ந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் காதில் ஒரு கோளாறும் இல்லை, அவன் வைத்திருக்கிற டப்பாவில்தான் கோளாறு. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

திரும்பிப் பார்த்தால் என் மனைவியைக் காணோம். எதிர்க்கடையில் பால்கோவா வாங்கப் போயிருந்தாள். கடைப் பையன்கள் இரண்டு பேரும் குடோனுக்குள் போயிருந்தார்கள். பாய் மட்டும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இத மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. வீட்டு ஹாலுக்கு காதக் குத்தும். செத்த நேரம் இருங்க, அக்கா வரட்டும். அவுகளையும் ஒருக்கக் கேக்கச் சொல்லுங்க, பொறவு முடிவு பண்ணுவோம்."

வேண்டியதில்லை என்றேன். அவர் தயங்கினார். முதல் ஜோடியைக் கைகாட்டி, என் சகலை எடுத்துப் போனதும் அதைத்தான், ஒரு குறையும் சொல்லவில்லை என்றார். நல்லெண்ணத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவன் வாங்கியதை நான் வாங்குவதா? தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று பாயையே சந்தேகப்பட்டேன். செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்பார்கள். அன்றைக்கு அந்தச் சங்கை ஊதியவர் அவர். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வாங்கிய ஹாரன் ஜோடியை வீட்டில் இறக்கி மாட்ட ஒரு ஆள் வந்தார். சின்ன மைக் ஒன்றை நான் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவர் பெட்டி தானாகவே விதவிதமான சத்தம் எழுப்பி, அறையை அளந்து, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டது. அறைக்குத் தக்கபடி ட்ரெபிளை அதுவே குறைத்துவிட்டது, இனி எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரைதான் பொறுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சலங்கை கேட்கிற வரை ஏற்றி வைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளை நாய் இருக்கிறது. எங்கள் ஊர் இனம், மூக்கு ரோஸ் நிறம். சத்தம் அதிகமோ என்று ஒரு சின்ன உறுத்தல் எனக்கும் இருந்ததால், செட்டை ஓட விட்டு மதில் வழியாக எட்டிப் பார்த்தேன். நாய் ஒரு காதைக்கூட அசைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. நாய்க்கே தொந்தரவு இல்லையென்றால் மனுஷனுக்கு என்ன? அந்த வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது, இந்த வெள்ளை இனத்தில் அப்படிச் சிலது பிறக்கும் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செவிட்டு நாயைக் காவலுக்கு வைத்திருக்கிறாரே என்று மில்லில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

செட்டு வந்து பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அவர்களை அழைத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒத்திகை. என் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும், அது என் கட்டளை. இரண்டாவது நாள், கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டாள். உன் தங்கச்சி வீட்டில் குறைக்கச் சொன்னாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆறரை ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவன், அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கறிக்குழம்பு, சுக்கா, முட்டை எல்லாம் முடிந்தது. கொலைக்கு முன்னால் ஆட்டுக்கு மாலை போடுகிற மாதிரி அவனை நான் கவனித்துக்கொண்டேன். இலையில் எலும்பு பார்த்து வைத்தேன். பிறகு முக்கோணத்தின் சரியான முனையில் போட்டிருந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்தேன். குழந்தைகள் சோபாவில். என் மனைவியும் அவள் தங்கையும் சமையலறை வாசலில் நின்றார்கள். ரிமோட்டை எடுத்தேன்.

மழை பெய்தது. அவன் முதுகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டது. பெரிய பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். சின்னவள் அம்மாவிடம் ஓடினாள். எனக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது. பார், என்ன பலம் என்று பார். வீட்டுக்குப் போய் உன் பட்டுத் துணி டப்பாவை ஓட விட்டால் இனி அது கொசு மாதிரிக் கேட்கும் உனக்கு.

வாசல் பக்கம் பார்த்தேன். தங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டு அக்காவிடம் சொன்னாள்.

"என்னக்கா இது, காது கிழியுது. எப்படி இருக்க நீ இதுல?"

என் மனைவி சொன்னாள்.

"ஏட்டி, சும்மா இரு. அவருக்குக் காது கேக்க மாட்டேங்கு. கேக்கலங்கதே அவருக்குத் தெரியல. நான் போன்ல சொன்னேம்லா, ஒன் வீட்டுக்காரரு ஒரு வார்த்த நல்லா இருக்குன்னு சொன்னாப் போதும். அம்புட்டுத்தான். அவரு மனசு ஆறிரும்."

ஒரு கணம் அவளுடைய குரலைக் கேட்டேன் என்றே நம்பினேன். அவளுடைய இழுவையோடு, தெளிவாகவே கேட்டேன். அடுத்த கணம் யோசித்தேன். ஹால் முழுக்க மழை கொட்டுகிறது. பன்னிரண்டு அடி தள்ளி வாசலில் நின்று தங்கையின் காதோடு சொன்னது எனக்கு எப்படிக் கேட்கும்?

மில்லில் யாரும் யாரோடும் காதால் பேசுவதில்லை. அந்த இரைச்சலில் அது ஆகாது. எதிராளி உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம், ஒரு ஷெட்டின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வம்பு பேசுவோம். எல்லோரும் செய்வது, பழகிப்போனது, திறமை என்றுகூட யாரும் நினைப்பதில்லை. அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன், எனக்கே தெரியாமல். எத்தனை வருஷமாக என்று எனக்குத் தெரியாது. மீசை மறைக்கிறவன் பேச்சு மட்டும் ஏன் விளங்கவில்லை, மழித்த பாயின் பேச்சு ஏன் மணி மாதிரி விழுந்தது என்று அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். நான் இத்தனை காலம் என் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். காதுக்கு வைக்கச் சொல்லி மில்லில் அடைப்பான் கொடுத்தார்கள். வைத்தால் பேரிங் பேசுவது கேட்காது என்று பெருமையடித்து, அதை டூல்ஸ் பெட்டியிலேயே போட்டு வைத்தவன் நான்தான்.

மழையை நிறுத்தினேன். அவன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எனக்குக் கேட்க வேண்டும் என்று, முகத்துக்கு நேராக நின்று, சத்தமாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, எங்க செட்ட விட ஒங்க செட்டு நல்லா இருக்கு."

நான் கேட்க விரும்பிய அதே வார்த்தை. என் ஹாலில், என் மனைவி முன்னால், அவன் வாயாலேயே. சொல்லும்போது அவன் கண்ணில் கேலி துளியும் இல்லை. சாவு வீட்டில் துக்கம் கேட்கிறவன் முகம் மாதிரி இருந்தது. மில்லுக் காது என்று அவன் சொன்ன அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம், இப்போது வந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரக்கப்படுவதற்கு இவன் யார்? என் காதைப் பற்றி அக்காவும் தங்கையும் போனில் பேசி, இவன் என்ன வசனம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். இவர்கள் கூடிப் பேசி எனக்கு அந்த ஜெயத்தைப் பிச்சை போட்டிருக்கிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அப்போதே சிரித்துவிட்டு, எனக்குத் தெரியும் சகலை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த மனசு கிடையாது.

"சந்தோசம். அப்படின்னா ஒரு படம் முழுசாப் பாத்துட்டுத்தான் போகணும்," என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மறுநாள் கோர்ட் இருக்கிறது, பஸ் போய்விடும் என்று ஏதோ சொன்னான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எந்த நேரமும் பஸ் உண்டு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருக்கிறதிலேயே சண்டை அதிகமாக இருக்கிற படமாகப் பார்த்துப் போட்டேன். வெட்டுகிற ஒவ்வொரு கத்திக்கும் அந்த ஹாரன் வாய் என்ன செய்திருக்கும் என்று அவர்கள் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாயால் குறைக்கச் சொல்ல முடியாது. இரக்கப்பட்டாய் அல்லவா, முழுசாகப் படு. பாட்டு வந்ததும், நன்றாக இருந்ததே என்று அதை இரண்டாவது தடவையும் ஓட்டிக் காட்டினேன். அவன் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு மணி நேரம் எனக்கு இனித்தது.

இடைவேளைக்கு என் மனைவி டீ கொண்டுவந்தாள். குனிந்து என் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது, கொண்டையிலிருந்து நழுவிய முடி ஒதுங்கி, காது தெரிந்தது. காதுக்குள் பஞ்சு அடைத்திருந்தாள். பூஜை அலமாரியில் திரிக்கு வைத்திருக்கிற பஞ்சு. பஞ்சைப் பார்த்துச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அன்றைக்கு வைத்தது இல்லை அது. அழுக்கேறி, எண்ணெய் கோத்து, தினமும் எடுத்து எடுத்து வைத்ததில் திரண்டு கெட்டியாகிப் போயிருந்தது. பன்னிரண்டு நாளும் ஆறரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது அப்படித்தான்.

இன்னும் பாதிப் படம் இருந்தது. ரிமோட் என் மடியில் இருந்தது. நான் குறைக்கவில்லை. அவனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், டீயைக் குடித்தேன், படம் முடிகிற வரைக்கும் குறைக்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சத்தம் நின்றிருந்தது, திரையில் மட்டும் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் என் எதிரில் வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி நின்று, கேட்டாள்.

"நல்லாச் சொல்லிட்டாருல்லா? இப்பத் திருப்தியா?"

திருப்தி இல்லை. ஆடிப்பூரத்திலிருந்து எனக்குள் எரிந்துகொண்டிருந்தது என்ன என்று எனக்கே அப்போதுதான் வாயில் வந்தது.

"அன்னைக்கு அவன் சொன்னதும் நீயும் சிரிச்ச."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள், இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா, சிரிச்சேன். ஒரு தடவ சிரிச்சதுக்குப் பன்னெண்டு நாள் ஒங்ககூட ஒக்காந்து கேட்டுட்டேன். போதும்."

என் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து டி.வி.யையும் செட்டையும் அணைத்தாள். பஞ்சை என் டீ டம்ளருக்குள் போட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.